கழிவை யாரும் எழுதுவதில்லை

பெரிய டாக்டர் சொல்லச் சொன்னார். அதனால்தான் சொல்கிறேன் தாயி. நானாகப் போய் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. இந்த வார்டுக்கு வந்து இன்றைக்குப் பதினோராவது நாள். டாக்டரும் வீட்டு ஆட்களும் போக இதுவரை மூன்று பேரிடம்தான் பேசியிருக்கிறேன். சிஸ்டரிடம் பேசினேன். பெருக்குகிற அம்மாவிடம் பேசினேன். வெந்நீர் பிடிக்கிற இடத்தில் ஒரு ஆள், "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார், நான் "சரி" என்றேன். அதையும் சேர்த்துத்தான் மூன்று. நீ நேற்று மத்தியானம் வந்தாய். அதற்குள் எட்டுக் கட்டில்காரர்களின் ஊரும் உனக்குத் தெரிந்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் டாக்டர் உன் வீட்டுக்காரரின் கறுத்த கால்விரலைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம்தான் வந்தார். "ஏம்மா, உங்க வீட்டுல நடந்ததை அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு விடாமச் சொல்லுங்க. நான் சொன்னா பயமுறுத்துறேன்னு நினைப்பாங்க" என்றார். இத்தனை பேர் இருக்க என்னிடம் சொன்னார். நான் ஒன்றைச் சொன்னால் அதில் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

சுவரோரக் கட்டிலில் படுத்திருக்கிறாரே, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். மாடக்கண்ணு என்று பெயர். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வலது கால் இருக்கிறது. நேற்று இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது, அப்படித்தான் சொல்ல முடியும். பெருவிரல் ஜில்லென்று இருக்கிறது. தினம் மூன்று வேளை தொட்டுப் பார்க்கிறேன். அந்தக் காலும் போய்விடுமா நிற்குமா என்பதுதான் இப்போது எங்கள் பாடு.

அவருக்கு எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. ஏழு வால்வு. ஒவ்வொன்றாக நடந்து போய்த் திறக்க வேண்டும், பிறகு நடந்து போய் மூட வேண்டும். முப்பத்தொரு வருஷம் அப்படி நடந்த கால். போன ஆடியில்தான் கெண்டைக்காலில் வலி என்றார். மூன்றாவது வால்வுக்குப் போகும் வழியில் ஒரு இடத்தில் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்தால் போய்விடும். எழுந்து நடந்தால் மறுபடி வந்துவிடும். நான் ஒரு நாள் பின்னாலேயே போய் அவர் எடுத்து வைக்கிற எட்டுக்களை எண்ணினேன். இருநூற்று நாற்பது எட்டில் நின்றார். புரட்டாசியில் நூற்று ஐம்பது. கார்த்திகையில் அறுபது. ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "மாடக்கண்ணு அண்ணாச்சிக்கு வயசாயிட்டு, தெருத் தெருவா உக்காந்து பொம்பளைகளைப் பாக்காரு" என்றார்கள். அவர் உட்கார்ந்து ஒரு பீடியைக் குடித்து முடிப்பார், வலி நிற்கும். பீடியால்தான் வலி நிற்கிறது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

தை மாதம் இதே ஆஸ்பத்திரிக்கு வந்தோம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். காலுக்குப் போகிற ரத்தக்குழாய் தொடையிலேயே அடைத்துவிட்டது, வலது காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து இடது காலில் அடைப்பைச் சுற்றிப் போட்டுத் தைக்க வேண்டும் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவருக்கு உடனே விளங்கிவிட்டது. குழாய்க்காரர் இல்லையா.

"மேலத்தெருக் குழாயைப் பிடுங்கிக் கீழத்தெருவுக்குப் போடப் போறீகளா டாக்டர்? மேலத்தெருக்காரன் சண்டைக்கு வருவானே" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அது உபரிக் குழாய். மேலத்தெருக்காரருக்கு இப்போதைக்குத் தேவைப்படாது" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" என்று கேட்டார்.

"ஒரு கட்டு."

"ஒரு கட்டுன்னா?"

"இருபத்தஞ்சு" என்று நான் சொன்னேன். எண்ணிக்கை கேட்டால் எனக்குக் கூச்சம் வராது.

"இனிமே ஒண்ணு கூடக் கூடாது. ஒண்ணே ஒண்ணுதானேன்னு குடிச்சா, நான் தச்ச குழாய் அடைச்சிரும். அடைச்சா காலை எடுக்கணும். ஏம்மா, நீங்கதான் பாத்துக்கணும்."

"ஒரு பீடி கூடக் குடுக்க மாட்டேன் டாக்டர்" என்றேன். சொன்ன சொல்லை நான் மீறவில்லை தாயி. இதை நீ நன்றாகக் கேட்டுக்கொள்.

நீ பீடி சுற்றியிருக்கிறாயா? இல்லை, உன் நகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நான் பதினாலு வயதில் பீடி சுற்றச் சுளகை மடியில் வைத்தேன். இப்போது அறுபத்திரண்டு. ஒரு நாளைக்கு எண்ணூறு, அதாவது முப்பத்திரண்டு கட்டு. இலையை நனைத்து, வெட்டி, புகையிலைத் தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டி, சாயங்காலம் பீடிக்கடைக்குக் கொண்டு போனால் செக்கர் கட்டைப் பிரித்துப் பார்ப்பார். இலை கிழிந்திருந்தால், தொளதொளவென்று இருந்தால், முனை மடங்காமல் இருந்தால் ஒதுக்கிவிடுவார். அதற்குக் கழிவு என்று பெயர். நல்ல பீடியைத்தான் பாஸ்புக்கில் எழுதுவார்கள். கழிவை யாரும் எழுதுவதில்லை. எந்த ஊர் பீடிக்கடையிலும் எழுத மாட்டார்கள், நீ போய்க் கேட்டுப் பார்.

பத்துப் பேர் முன்னால் செக்கர் என் பீடியை எடுத்து ஒதுக்கினால் எனக்கு உயிர் போய்விடும். அதனால் நான் வீட்டிலேயே ஒதுக்கிவிட்டுத்தான் போவேன். ஒரு நாளைக்கு ஐந்தோ ஆறோ விழும். அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த டப்பா அவருடையது. கட்டிலிருந்து எடுப்பது தனி, டப்பா தனி. டாக்டர் எத்தனை பீடி என்று கேட்டபோது இருபத்தைந்து என்று நான் சொன்னது கட்டை. டப்பாவைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அவர் பீடியைத்தானே கேட்டார்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்து மணி நேரம். தையல் இடதில் முப்பத்தெட்டு, வலதில் இருபத்தேழு. வீட்டுக்கு வந்த அன்றைக்கே இருநூறு எட்டு வைத்து நடந்தார், வலிக்கவில்லை. "கீழத்தெருவுக்குத் தண்ணி வந்துட்டுடி" என்று அவருக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம்.

அன்றிலிருந்து பீடிக் கட்டில் அவரைக் கை வைக்க விடவில்லை. தினம் சாயங்காலம் முப்பத்திரண்டு கட்டையும் இரண்டு தடவை எண்ணுவேன். ஒரு நாள் ஒரு கட்டில் இருபத்துநாலு இருந்தது. வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினேன். சுளகுக்கு அடியில் கிடந்தது. "எம்மேல சந்தேகமாட்டி?" என்று அவருக்கு அன்றைக்குக் கோபம். கட்டு கட்டாகவே இருந்தது, நான் சொன்ன சொல்லும் சொல்லாகவே இருந்தது.

டப்பா டப்பாவாக இருந்தது. அவ்வளவுதான்.

அவர் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை தாயி, அதைச் சொல்ல வேண்டும். காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், வேறு என்ன செய்வார்? என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷத்தில் அவர் அப்படிப் பகலில் உட்கார்ந்து என்னைப் பார்த்ததே இல்லை. எனக்குக் கை கூசும். கூசினால் முனை மடங்காது. முதல் வாரம் தினம் எட்டு விழுந்தது. அடுத்த இரண்டு வாரம் பதினொன்று. அதற்குப் பிறகு பதினாலு. இந்த வருஷத்து இலையும் மோசம், தாயி. காம்பு காம்பாக வருகிறது.

கடையில் அளந்து கொடுக்கிற தூள் பற்றவில்லை. செக்கர் கனகசபையிடம் இன்னும் இரண்டு பிடி கேட்டேன். அவன் என் மகள் வயதுக்காரன்தான், ஆனாலும் கேட்பதற்கு நாக்கு எழவில்லை.

"தூளு பத்தலையா? உங்களுக்கா பெரியம்மா? நாப்பது வருசமா பொடி கூடச் சிந்தாத ஆளாச்சே" என்றான்.

"ஃபேன் காத்துல பறந்துட்டுய்யா" என்றேன். எங்கள் வீட்டு ஃபேன் ஓடுவதில்லை. ஆனால் ஓடியிருந்தால் பறந்திருக்கும்.

இரண்டாவது மாசம் டாக்டரிடம் காட்ட வந்தோம். அவரைச் சுற்றி ஏழு படிக்கிற பிள்ளைகள். "பீடி எப்படி?" என்று என்னைத்தான் கேட்டார்.

"ஒரு பீடி கூட இல்ல டாக்டர். தினம் எண்ணுதேன்."

டாக்டர் அந்தப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? நாம வெட்டுறதும் தைக்கிறதும் பாதிதான். மீதி இந்த மாதிரி ஒரு அம்மா கையில இருக்கு" என்றார். எனக்குத் தரையைப் பார்க்கவா, சுவரைப் பார்க்கவா என்று தெரியவில்லை. அந்த மாதிரி ஒரு வார்த்தையை என்னைப் பற்றி யாரும் சொன்னதில்லை. வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது, "ஏட்டி, டாக்டர்கிட்ட அந்த டப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமோ?" என்றார்.

"அவர் கேட்டாரா?"

"கேக்கல."

"பின்ன?"

எண்பதாவது நாள் காலையில் எழுந்தபோது இடது கால் முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் வெளுத்துப் போய்க் கிடந்தது. தொட்டால் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சி. விரலை அசைக்கச் சொன்னேன். "அசைச்சுட்டுத்தான இருக்கேன்" என்றார். விரல் அசையவில்லை. ஆம்புலன்ஸில் இங்கே வந்து சேரப் பத்தே முக்கால்.

டாக்டர் பாதத்தைத் தொட்டார். கணுக்காலில் ஒரு சின்ன மெஷினை வைத்துச் சத்தம் கேட்டார். ஒரு சத்தமும் வரவில்லை. "பீடி குடிச்சாரா?" என்றார்.

"இல்ல டாக்டர்."

அப்போது சிஸ்டர் அவர் சட்டையைக் கழற்றினாள். பையிலிருந்து ஒன்று கீழே விழுந்தது. சிஸ்டர் அதை எடுத்து நீட்டினாள். "அப்ப இது என்ன?"

"அது கழிவு சிஸ்டர்."

"கழிவுன்னா?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. படித்த பிள்ளை, அதுகூடத் தெரியவில்லை. வாங்கிக் காட்டினேன். "இந்தா பாருங்க, முனை சரியா மடங்கல. இங்க காம்பு துருத்திட்டு நிக்கி. இதை செக்கர் எடுக்க மாட்டாரு. இது சேத்தி கிடையாது."

டாக்டர் அதைத் தன் கையில் வாங்கினார். மெதுவாகத்தான் கேட்டார். "இதுக்குள்ள தூள் இருக்கா?"

"இருக்கு."

"பத்த வச்சா புகை வருமா?"

"வரும் டாக்டர். தொளதொளன்னு இருக்கதால கூடவே வரும்."

"அந்தப் புகை எங்க போகும்?"

பின்னால் நின்ற படிக்கிற பிள்ளைகளில் ஒருவன் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டார். நின்றுகொண்டே ஐந்து மணி நேரம் ஆபரேஷன் செய்தவர் தாயி. "மொத்தம் எத்தனை?" என்று கேட்டார்.

கழிவை நான் அதுவரைக்கும் கூட்டிப் பார்த்ததே கிடையாது. அங்கேயே நின்று கூட்டினேன். முதல் வாரம் ஐம்பத்தாறு. அடுத்த இரண்டு வாரம் நூற்று ஐம்பத்துநாலு. மிச்சம் ஐம்பத்தெட்டு நாளைக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு. "ஆயிரத்து இருபத்திரண்டு டாக்டர். ஆனா அவரு குடிச்சது ஆயிரத்து இருபத்தொண்ணு. ஒண்ணு உங்க கையில இருக்கு" என்றேன்.

மூன்றாம் நாள் இடது காலை எடுத்தார்கள்.

என் மகள் பேச்சித்தாய் வந்திருந்தாள். வெளியே வராந்தாவில் வைத்து என்னை ஒரு வாங்கு வாங்கிவிட்டாள். "ஏம்மா, ஒங்கிட்ட எதைக் கேட்டாலும் எண்ணித்தான் சொல்லுவ. அப்பாவுக்குக் கால் எத்தனைன்னு எண்ணிருக்கியா?" என்றாள். பெற்ற தாயிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவள் அழுதுகொண்டே கேட்டாள்.

டாக்டர் மறுநாள் வந்து வலது காலைப் பற்றிச் சொன்னார். அதுவும் பாதி அடைத்திருக்கிறது. இனிமேல் எடுத்து வைக்க உபரிக் குழாய் இல்லை, மேலத்தெருக் குழாயை ஏற்கெனவே பிடுங்கியாயிற்று. இருக்கிற குழாய் மூடாமல் இருந்தால் கால் நிற்கும். அது மருந்திலும் இருக்கிறது, புகை படாமல் இருப்பதிலும் இருக்கிறது. "ஆபரேஷன் பண்ணி உங்களைக் காப்பாத்த எனக்கு இனிமே வழியில்லை" என்று இவரிடம் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். பகடி ஒன்றும் வரவில்லை.

எட்டாம் நாள் நான் ஊருக்குப் போனேன். ரொம்ப நாள் பீடி போடாவிட்டால் பாஸ்புக்கில் பெயரை அடித்துவிடுவார்கள். பேச்சித்தாயைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனேன். வீட்டில் நனைத்துக் காயவைத்த பழைய இலை இருந்தது, ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டு வந்த அதே இலை. அதை மறுபடி நனைத்து வெட்டி உட்கார்ந்தேன். எதிரே ஸ்டூல் மட்டும் இருந்தது. எண்ணூறு சுற்றினேன். சாயங்காலம் ஒதுக்கலாம் என்று பார்த்தால் ஒதுக்குவதற்கு ஒன்று கூட இல்லை. இரண்டு தடவை பார்த்தேன். கட்டியிருந்த நூலை அவிழ்த்துக்கூட ஒரு கட்டைப் பார்த்தேன்.

கனகசபை நான் திருப்பிக் கொடுத்த தூளை நிறுத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "என்ன பெரியம்மா, இன்னைக்குத் தூளு மிச்சம் வந்திருக்கு. நல்ல இலை அம்புட்டுட்டா?"

"அதே இலைதான்யா" என்றேன்.

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்து போனது. மூன்றாவதில் ஏறினேன். அதே இலைதான், தாயி. அதே கைதான். அதற்கு மேல் அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீயும் கேட்காதே.

டாக்டர் சொல்லச் சொன்னது இவ்வளவுதான். உன் வீட்டுக்காரர் சிகரெட்டா பீடியா என்று நான் கேட்கவில்லை. விட்டுவிட்டார் என்று நேற்று நீ சொன்னாய். சரி. நீ எதைச் சேர்த்து எண்ணுகிறாய், எதைச் சேர்க்காமல் எண்ணுகிறாய் என்று நீயே உட்கார்ந்து பார்த்துக்கொள்.

இப்போது நான் உன்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். கேட்கலாமா?

காலையில் காப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் விழித்துக் கிடந்தார். வெட்டின கால் இல்லாத இடத்திலேயே வலிக்கிறது என்கிறார், பதினோரு நாளாக ஒழுங்கான தூக்கமில்லை. "ஏட்டி, பீடி கேக்கல, கழிவும் கேக்கல" என்றார். "ஊருக்குப் போனப்ப உடுத்திருந்தியே, பீடி சுத்துத சேலை. அதைக் கொஞ்ச நேரம் தா."

பையில்தான் இருந்தது. துவைக்க நேரம் கிடைக்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். முந்தானையை முகத்தோடு வைத்து மூச்சை உள்ளே இழுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது தடவை. பிறகு அப்படியே தூங்கிவிட்டார். இந்த வார்டுக்கு வந்து முனகல் இல்லாத தூக்கம் இதுதான் முதல். பெருவிரலைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. நேற்றைவிடக் கூடுதலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மெதுவாகச் சேலையை உருவி என் மூக்கில் வைத்துப் பார்த்தேன். தூள் வாசனை இருக்கிறது. அது பீடி இல்லை. கழிவும் இல்லை. நெருப்பு இல்லை, புகையும் இல்லை. ஆனால் போன தடவையும் நான் இப்படித்தான் இல்லை இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பத்து மணிக்கு வருவார். கூடவே அந்தப் பிள்ளைகளும் வருவார்கள். அத்தனை பேர் முன்னால் சேலை, முந்தானை என்று எனக்கு வாய் வராது. நீ கேட்டுச் சொல்லு தாயி. என் பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை. இதைச் சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்னால் இன்றைக்கே சோப்புப் போட்டு மூன்று தண்ணீரில் அலசிவிடுகிறேன், அவர் என்ன கெஞ்சினாலும் கொடுக்க மாட்டேன். சேர்க்க வேண்டாம் என்று சொன்னால் அதையும் நீயே வந்து சொல்லு, நான் பக்கத்தில் வரவில்லை.

ஒன்பது தடவை என்று சரியாகச் சொல். வாய்க்கு வந்தபடி பத்து என்று சொல்லிவிடாதே.